மரியகொரட்டி எடுத்த கொழுந்து

அந்தோனிமுத்துவுக்குப் பயமில்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தோட்டத்து உதவி மானேஜரான சின்ன தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயம். பொண்டாட்டிக்கு மட்டும் பயமில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வார். பறங்கிக்காடு தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகளில் அதை நம்புகிற ஆள் ஒருவரும் இல்லை.

பொண்டாட்டியின் பெயர் மரியகொரட்டி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கல்யாணமாகி வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கூரான நாக்கும் கொண்டுவந்தாள். பெட்டி எப்போதோ துருப்பிடித்துப் போய்விட்டது. நாக்கு இன்றைக்கும் புத்தம் புதுசு. தேயிலை ஃபெக்டரியில் வழுக்கி விழுந்து முழங்கால் உடைந்ததிலிருந்து அந்தோனிமுத்துவால் மலை ஏற முடியாது. அதனால் மலையில் கொழுந்து அவள், வீட்டில் சமையல் அவர். அவர் சுடுகிற ரொட்டியை அவள் ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. ஒருநாளும் மிச்சம் வைத்ததும் இல்லை.

இரண்டு பேருக்கும் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அவர்தான் ஆரம்பிப்பார்.

"ஹல்துமுல்லையில எத்தனையோ பொண்ணுங்க இருந்துச்சு. அத்தனையையும் விட்டுட்டு ஒன்னைய எடுத்தேன் பாரு."

"என்னைய எடுத்தீங்க, சரி. உருப்படியா ஒரு சேலை எடுத்துக் குடுத்திருக்கீங்களா?"

அதோடு அவர் அடுப்பை ஊதப் போய்விடுவார். நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பது கேட்கும். லயத்தில் ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு நடுவில் இருப்பது பெயருக்குத்தான் சுவர்.

மகன் ஜொனி கொழும்புக்கு வேலைக்குப் போன வருசம், வீடு வெறிச்சோடிப் போய்க் கிடந்தது. அப்போது பிறந்த வீட்டுக்குப் போன மரியகொரட்டி, அண்ணன் தந்த தேயிலைக் கன்றுகளைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்தாள். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே, மானாப்புல்லைத் தவிர எதுவும் முளைக்காத ஒரு துண்டு சரிவு இருந்தது. புல்லை வெட்டி, கல்லைப் பொறுக்கி, கன்றுகளை நட்டாள். மழை பிந்திய நாட்களில் குளிக்கிற தண்ணீரைக்கூடச் சுமந்து போய் ஊற்றினாள். செடிகளுக்கு அவள் வைத்த பெயர் ஹல்துமுல்லைக்காரிங்க.

"ஹல்துமுல்லைக்காரிங்களப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது அவள் முகமே வேறாக இருக்கும். மகனை அனுப்பிவிட்டு அழுதவள் அந்தச் சரிவில்தான் மறுபடி சிரித்தாள் என்பது அந்தோனிமுத்துவுக்குத் தெரியும். அந்தச் செடிகள்மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

செடிகள் வளர்ந்து கொழுந்து விட்டன. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் அவள் அவற்றில் கொழுந்தெடுத்து, கொழுந்து வாங்க ரோட்டுச் சந்திக்கு வருகிற தனியார் லொறியில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவாள். வருசக்கணக்காக இப்படித்தான் நடந்தது. பழைய தொரை கண்டும் காணாமல் போவார். பிறகு தோட்டத்துக்குப் புது நிர்வாகம் வந்தது, காவலுக்குப் புது வாச்சர் வந்தான், புதுச் சட்டமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திக்குப் போகிற வழியிலேயே பையோடு அவளைப் பிடித்து நிறுத்தினார்கள். தோட்டத்து மண்ணில் முளைப்பதெல்லாம் தோட்டத்துக்குத்தான் சொந்தம் என்று சின்ன தொரை ஆங்கிலத்தில் சொன்னான். வாச்சர் அதைத் தமிழில் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னான். அங்கிருந்து நேரே பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தோனிமுத்து மாவு ஒட்டிய கையோடு ஓடினார். ஓடினார் என்பது அவர் சொல்வது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ச் சேர்ந்தார். பொலிசில் வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒரு சார்ஜன் கேள்வி கேட்பதும், மரியகொரட்டி கணீரென்று பதில் சொல்வதும் கேட்டது.

"நீ கொழுந்து எடுத்ததா?"

"எடுத்தேங்க."

"எவ்வளவு காலமா எடுக்குறது?"

"கல்யாணத்துக்கு முன்னுக்கிருந்தே எடுக்குறேங்க."

"தனியா?"

"தனியா எப்பிடிங்க? லயத்துப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் சேந்துதான் எடுப்போம். கங்காணி பக்கத்துல நிப்பாரு. எங்கம்மாவும் எடுத்தாங்க, எங்க பாட்டியும் எடுத்தாங்க. மூணு தலைமொறையா எடுக்குறோங்க."

சார்ஜன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை காலச் சேவையில் இப்படி நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிற ஆளை அவர் பார்த்திருக்கமாட்டார். பிறகு குனிந்து விறுவிறு என்று எழுதினார். எழுதியதைச் சிங்களத்தில் படித்துக் காட்டினார். அவளும் தலையை ஆட்டினாள், கையெழுத்தும் வைத்தாள். வெளியில் உட்கார்ந்திருந்த அந்தோனிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம கொரட்டி எவ்வளவு அழகாகப் பதில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்து ஆட்களுக்குக் கொழுந்து பறிக்கிறது என்ற பேச்சு நாக்கில் வராது. கொழுந்து எடுக்கிறது என்றுதான் சொல்வார்கள். காலையில் ஒருத்தி ஒருத்தியைக் கேட்பதே, இன்னைக்கு எந்த மலையில கொழுந்து எடுக்குறீங்க என்றுதான். அந்தப் பேச்சு மலையைவிட்டு இறங்கி டவுனுக்குப் போனால் அதன் பொருள் மாறிவிடும் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கோர்ட்டுக்கு வர நாள் குறித்துத் தவணை கொடுத்தார்கள். லோயர் வைக்க வக்கில்லை. தொழிற்சங்கத் தலைவரிடம் போனால், கோர்ட்டு விசயத்தில் சங்கம் கை வைக்காது என்றார். சம்பளச் சண்டையிலும் அவர் கை வைத்ததை யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விசயம். கடைசியில் சட்ட ஆலோசனை சொல்கிற பொறுப்பு அந்தோனிமுத்து தலையில் விழுந்தது. அவரும் சொன்னார்.

"இந்தா பாரு கொரட்டி. அங்க போயி ஒன் வாயக் காட்டாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எடுத்தியான்னு கேட்டா எடுத்தேன்னு சொல்லு. உண்மையச் சொன்னா மாதா கைவிடமாட்டா."

"நீங்க சொல்லி நான் என்னைக்குக் கேக்காம இருந்தேன்?" என்றாள் அவள். அது அபாண்டமான பொய். ஆனால் அன்றைக்குப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே கேட்டுவிட்டாள்.

கோர்ட்டில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. நீதவான் கண்ணாடி போட்ட, களைத்த முகமுள்ள மனிதர். முன்னால் வழக்குகள் குவிந்து கிடந்தன. கூண்டுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஹபீஸ் நின்றார். கிழக்குக் கடற்கரை ஊரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். குளிர் தாங்காமல் கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டரும் போட்டிருந்தார். குற்றப்பத்திரிகையை அவர் தமிழில் சொன்னபோது ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல இருந்தது. தோட்ட நிர்வாகத்துக்கு உரித்தான, சட்டவிரோதமான, கொழுந்து, தண்டனைச் சட்டக்கோவை என்று ஏதேதோ வந்தது. மரியகொரட்டிக்கு அதில் கொழுந்து மட்டும் விளங்கியது. அவள் விழிப்பதைப் பார்த்த ஹபீஸ், பாவம் என்று நினைத்துச் சுருக்கமாகக் கேட்டார்.

"கொழுந்து எடுத்தீங்களா, இல்லியா?"

"எடுத்தேங்க."

ஹபீஸ் திரும்பி நீதவானிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டு, இன்னொரு கேள்வி கேட்டார்.

"ஏன் இப்படிச் செய்தீங்க எண்டு ஐயா கேக்குறாரு."

"எங்களுக்கு வேற என்ன வேலைங்க தெரியும்?"

அதையும் சொன்னார் ஹபீஸ். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. பழைய குற்றம் ஏதும் உண்டா என்று கைரேகை பார்த்து அறிக்கை வரட்டும், அதற்குப் பிறகு தண்டனை சொல்கிறேன் என்று தவணை போட்டு, பிணையில் அனுப்பினார். இதில் ஒரு சொல்லும் இவர்களுக்கு விளங்கவில்லை. கூண்டைவிட்டு இறங்கச் சொன்னதும் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு பேரும் வடையும் பால் விடாத பிளேன்டியும் சாப்பிட்டார்கள். அந்தோனிமுத்து தன் பங்கு வடையில் பாதியை அவளுக்குப் பிய்த்துக் கொடுத்தார்.

"நல்லாப் பேசுன," என்றார்.

"நீங்க சொன்னதத்தான் சொன்னேன்," என்றாள் அவள்.

மறுநாள் காலை பெரட்டில்தான் இடி விழுந்தது. பெரட்டு என்றால் விடிந்ததும் எல்லோரும் கூடுகிற இடம். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு இன்னின்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். அன்றைக்கு எல்லாப் பெயரையும் கூப்பிட்டார், மரியகொரட்டி பெயரைத் தவிர. கூடையைத் தலையில் மாட்டியபடி அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, என் பேரு?"

கணக்கப்பிள்ளை நல்ல மனுசன். அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"களவெடுத்தேன்னு நீயே கோர்ட்டுல ஒத்துக்கிட்டியாமே கொரட்டி. களவாணிக்குப் பேர் போடக்கூடாதுன்னு தொர சொல்லிட்டாரு. தீர்ப்பு வந்ததும் காம்பராவையும் ஒப்படைச்சிரணுமாம்."

வேலை இருக்கிற வரைக்கும்தான் லயத்தில் காம்பரா. பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றாலும் அது அவர்களுடையது இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் நம் தலையில் விழும்வரை அது நமக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டுதானே எல்லோரும் தூங்குகிறோம்.

மரியகொரட்டி வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். அந்தோனிமுத்து பயந்தது அவள் போடப்போகிற சத்தத்துக்கு. ஆனால் அவள் சத்தம் போடவில்லை. கூடையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை மடித்து வைத்தாள், அடுப்புக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நான் எதைங்க ஒத்துக்கிட்டேன்?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தோனிமுத்து ரொட்டியை எடுத்து வைத்தார். தொடவில்லை. சம்பல் காரமாக இருக்கிறது, தேங்காய் போதாது என்று ஏதாவது குறை சொல்லமாட்டாளா என்று காத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை. ரொட்டி ஆறி, காய்ந்து, அப்படியே கிடந்தது. கொரட்டியைக் களவாணி என்று ஒருவன் சொல்லிவிட்டான். அதுவும் இவர் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னதற்காக. அந்த நினைப்பு வந்ததும் மற்றப் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. போனது கொஞ்ச நேரத்துக்குத்தான், ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார அது போதுமாக இருந்தது.

கோர்ட்டு வாசலில் விசாரித்து, எதிரேயிருந்த சாப்பாட்டுக் கடையில் ஹபீஸைப் பிடித்தார். ஹபீஸ் தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, என் சம்சாரம் களவெடுத்தான்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"நான் சொல்லல்ல. அவங்கதான் எடுத்தேன் எண்டு சொன்னாங்க. நான் கேட்டன், அவங்க சொன்னாங்க."

"எடுக்காம எப்பிடிங்க? கொழுந்தெடுக்கத்தானே பேரே பதியிறாங்க! நீங்க கேட்டா எந்தப் பொம்பளையும் எடுத்தேன்னுதான் சொல்லுவா. காலையில எடுப்பாங்க, அந்தியில எடுப்பாங்க. கொழுந்தெடுத்தாத்தானே சாப்பாடு?"

ஹபீஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொழுந்து எடுக்கிற எண்டா… பறிக்கிறதா?"

"பறிக்கிறதுன்னு பூவச் சொல்லுவோங்க. கொழுந்தையா சொல்லுவாங்க?"

ஹபீஸுடைய ஊரில் நெல்லும் தென்னையும் உண்டு, தேயிலை கிடையாது. திருடுவதை அங்கே களவெடுக்கிறது என்பார்கள். அதைச் சுருக்கி எடுத்தீங்களா என்று கேட்டிருக்கிறார். அவர் பேசியதும் தமிழ், அவள் பேசியதும் தமிழ். இரண்டு பேருமே பிழையாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒருத்தி களவாணியாகிவிட்டாள்.

"வாப்பா மௌத்தான நாளைக்குப் பிறகு இப்படி எனக்கு நெஞ்சு கனத்ததில்ல," என்றார் ஹபீஸ். "பிழை என்ட பக்கம்தான். நான் நீதவான் ஐயாகிட்டச் சொல்றன். என்னை ஏசுவாரு. ஏசட்டும். ஆனா அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம் எண்டு சொல்ல தோட்டத்து ஆள் ஒருத்தர் வேணும். நீங்க வந்து சொல்லணும்."

"நானுங்களா?" அந்தோனிமுத்துவுக்குப் போயிருந்த பயமெல்லாம் கூட்டமாகத் திரும்பி வந்தது. "எனக்கு முழங்கால் சரியில்லீங்க ஐயா."

"வாயாலதானே சொல்லப் போறீங்க," என்றார் ஹபீஸ். அவரே கடைக்காரரிடம் ரொட்டியும் கறியும் சொல்லி, எதிரே உட்காரவைத்துச் சாப்பிடவைத்தார்.

அடுத்த தவணைக்கு மரியகொரட்டி நத்தார் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பல வருசத்துக்கு முந்திய நத்தார் அது. வழியெல்லாம் அவள் பேசவில்லை. பஸ் வளைவுகளில் ஆடும்போது அவர் தோளில் சாய்ந்தாள், நிமிர்ந்தாள். அவ்வளவுதான்.

வழக்கைக் கூப்பிட்டதும் ஹபீஸ் எழுந்து நீதவானிடம் நெடுநேரம் பேசினார். காது மடல் சிவந்துபோயிருந்தது. நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். பொலிஸ் தரப்பில் நின்ற சார்ஜன், இது இப்போது சோடிக்கிற கதை, பொலிசிலும் இவள் எடுத்தேன் என்றுதான் சொன்னாள், என் எழுத்தில் இருக்கிறது என்றார். படியும் என்றார் நீதவான். சார்ஜன் உரக்கப் படித்தார். ஹபீஸ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கல்யாணத்துக்கு முன்பிருந்தே களவெடுக்கிறேன். லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து களவெடுப்போம். கங்காணி பக்கத்தில் நிற்பார். என் தாயும் பாட்டியும் களவெடுத்தார்கள். மூன்று தலைமுறையாகக் களவெடுக்கிறோம்."

கூண்டில் நின்ற மரியகொரட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கம்மா, என்று அவள் சொன்னது விரலிடுக்கில் கேட்டது. தான் கையெழுத்து வைத்தது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போன தாயையும் சேர்த்து எழுதிவிட்டார்களே.

நீதவான் அந்தக் கங்காணி வரியை மறுபடி படிக்கச் சொன்னார். சார்ஜன் மறுபடி படிக்கும்போது குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலாளை வைத்துக்கொண்டு ஊரே கூடி மூன்று தலைமுறையாகவா திருடும் என்று நீதவான் கேட்டார். ஆனாலும் எடுத்தேன் என்றால் எடுத்தேன்தான் என்று சார்ஜன் இழுத்தார். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டென்று யார் சொல்வது என்று நீதவான் கேட்க, ஹபீஸ் கையைக் காட்டினார். எல்லோரும் அந்தோனிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுந்து நின்றார். பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் அழகாக அடுக்கிவைத்த பேச்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கூண்டில் நத்தார் சேலையோடு நிற்கிற பொண்டாட்டியைப் பார்த்தார். வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

"சாமி, நான் இவள எடுத்தது ஹல்துமுல்லையிலிங்க. அந்த ஊருல பொண்ணெடுத்தேன். கோயில்ல வச்சி, ஃபாதர் முன்னால, ஊரறிய எடுத்தேன். களவெடுக்கலீங்க. கடையில சேலை எடுக்குறோம், அதையும் களவெடுக்குறதில்ல. இவளுக்கு நல்ல சேலை ஒண்ணு இன்னும் நான் எடுத்துக் குடுக்கலீங்க, அது என் குத்தம். அதுக்கு என்னையப் புடிங்க. இவ கையால நட்டா, இவ கையால எடுத்தா. இவ களவாணி இல்லீங்க சாமி."

ஹபீஸ் அதை மொழிபெயர்த்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு வந்து, இருமி, தொடர்ந்தார். சேலைக்கு வந்ததும் கோர்ட்டே சிரித்தது. மரியகொரட்டிக்கு மானம் போய்விட்டது.

"அய்யோ, இந்த மனுசன! ஊரு நாட்டுல உள்ள கதையெல்லாம் இங்கயா சொல்லுவாங்க? சும்மா ஒக்காருங்க!"

என்ன சொல்கிறாள் என்று நீதவான் கேட்டார்.

"கணவரை உட்காரச் சொல்றாங்க, ஐயா," என்றார் ஹபீஸ்.

அன்றைக்கு முதல் முறையாக நீதவான் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தன்னை ஏசியதில் அந்தோனிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்கால் வலி என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குற்றத்தை ஒத்துக்கொண்டதாக எழுதியதை நீதவான் வெட்டினார். குற்றப்பத்திரிகையை மறுபடி சொல்லச் சொன்னார். இந்த முறை ஹபீஸ் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, திருடினீங்களா, என்று கேட்டார்.

"திருடலீங்க," என்றாள் மரியகொரட்டி. "என் செடியில கொழுந்தெடுத்தேங்க."

அந்தக் கொழுந்து தோட்டத்துச் செடியில் எடுத்ததுதானா, அந்தச் செடியை நட்டது யார் என்று நிர்வாகம் வந்து சாட்சி சொல்லட்டும் என்று வேறொரு தவணை போட்டார். செடி நிற்கிற இடத்தைப் பொலிசார் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்றும் சொன்னார். தீர்ப்பு வரும்வரை இவள் குற்றவாளி இல்லை, பெயரையும் வீட்டையும் தொடக்கூடாது என்று அவர் சொன்னதை ஹபீஸ் வெளியே வந்து இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். தோட்டத்து ஆள் ஒருவன் பின்வரிசையில் இருந்து அதைக் கேட்டுவிட்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி எழுந்து போனதை அவர்கள் கவனிக்கவில்லை.

திரும்பும் வழியில் அந்தோனிமுத்து டவுன் கடையில் ஒரு சேலை எடுத்தார். கத்தரிப்பூ நிறம். கடனுக்குத்தான், அது வேறு விசயம். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கரையைத் தடவிப் பார்த்தாள்.

"கோர்ட்டுல மானத்த வாங்கித்தான் சேலை எடுத்துக் குடுக்கணும்னு இருந்திருக்கு ஒங்களுக்கு."

"எடுத்துட்டேன்ல?"

பஸ்ஸில் அவள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பொலிஸ் வந்து செடியைப் பார்க்கும்போது சுற்றிலும் புல் வளர்ந்திருக்கக்கூடாது, நாளைக்கே வெட்டிவிட வேண்டும் என்றாள். அவள் குரலைக் கேட்டுக்கொண்டே அந்தோனிமுத்து ஜன்னலோரம் தூங்கிப்போனார்.

லயத்துக்கு வந்ததும் சேலைப் பையை அவர் கையில் திணித்துவிட்டு, "ஹல்துமுல்லைக்காரிங்களப் பாத்துட்டு வாரேன்," என்று பின்பக்கம் போனாள். லயத்து வாசலில் நின்ற பொம்பளைகள் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், கொரட்டி அக்கா, போகாதீங்க, என்றாள்.

அந்தோனிமுத்து சேலைப் பையோடு பின்னாலேயே போனார்.

சரிவு முழுக்கச் செம்மண் புரண்டு கிடந்தது. அலவாங்குக் கம்பி போட்டு நெம்பியிருந்தார்கள். செடி நின்ற இடமெல்லாம் குழி. செடிகள் எங்கேயும் இல்லை. தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மேலேயிருந்து யாரோ சொன்னார்கள். இடத்தைப் பார்க்கப் பொலிஸ் வரும்போது, பார்ப்பதற்கு இனி இடம் மட்டும்தான் இருக்கும்.

மரியகொரட்டி ஒரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மண்ணைக் கையால் தள்ளித் தள்ளித் தேடினாள். அந்தோனிமுத்து மெல்ல முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எடுத்துட்டாங்க," என்றாள் அவள்.

"ம்."

"நான் எடுத்தப்ப மட்டும் அம்புட்டுக் கேள்வி கேட்டாங்களே. இத எடுத்தவங்கள யாருங்க கேப்பா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மண்ணோடு மண்ணாக இருந்தது அந்தக் கை. லயத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு அவருக்குப் பயமாக இல்லை.

"நான் கேப்பேன்," என்றார். "அடுத்த தவணைக்கும் நான் வாரேன். எந்திரிச்சி நின்னு கேப்பேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னான்னு கேப்பீங்க?"

"எங்க செடிய எடுத்துட்டாங்கன்னு."

"அப்பிடிச் சொல்லாதீங்க," என்றாள் மரியகொரட்டி. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "களவெடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க. ஹபீஸ் ஐயா மறுபடியும் மாத்திச் சொல்லிருவாரு."